புதுப்பிப்பு: தொண்டித் தங்கைக்குக் கொட்டான் கொடுத்துவிட்டோம்

மாயக்கதை வாசிக்கும் எங்கள் பெண்கள் குழுவைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். புதிதாகச் சேரும் தங்கைக்கு ஒரு கதைப்பெயர் சூட்டி, கொட்டான் என்னும் சிறு பனையோலைக் கூடையில் கருப்பட்டி வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். முடைந்து தரும் கீழக்கரை அக்காவுக்கு விரல்கள் மடங்கவில்லை. கடையில் வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தேன். வாங்குங்கள் என்றே பலரும் சொன்னீர்கள்.

மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் ராமேஸ்வரத்தில் பஸ் ஏறினோம். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்துச் சுவர் நிழலில் உட்கார்ந்து, அக்கா சொல்லச் சொல்ல நாங்களே முடைந்தோம். ஓலையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். காய்ந்தால் மடிப்பில் கீறிவிடுமாம். நான் முடைந்த விளிம்பு ஒரு பக்கம் ஏறி நின்றது. அவிழ்க்கப் போனேன். "இருக்கட்டும்மா, உன் கை அதில் தெரியட்டும்" என்று தடுத்துவிட்டார்.

தொண்டித் தங்கைக்கு "அலைக்காவலி" என்று பெயர். கடலைப் பார்த்து அதை மூன்று முறை உரக்கச் சொன்னாள். மூன்றாவது முறை குரல் உடைந்தது, எங்களுக்கும்தான்.

மீதி ஓலையை அவளே வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அடுத்த கொட்டான் அவள் முறை.