ஜூன் கடைசியில் ஹம்ப்டா பாஸ்: பையில் எதை வைப்பது

கார்த்தி: அக்கா மணாலி பக்கம் ஹம்ப்டா கணவாய் மலையேற்றத்துக்கு 70 லிட்டர் பை ஒன்று பாதி விலைக்கு வந்திருக்கிறது. இன்று ராத்திரி வரைதான் ஆஃபர். போட்டுவிடட்டுமா?

நித்யா: வேண்டாம்டா. பையில் இடம் இருந்தால் எதையாவது திணிக்கத்தான் தோன்றும். கூடாரம், அடுப்பு, அரிசி பருப்பெல்லாம் கோவேறு கழுதையில் வந்துவிடும், நாம் தூக்குவது நம் துணி, தண்ணீர், மழைக்கோட்டு, அவ்வளவுதான். அதற்கு 50 லிட்டர் தாராளம்.

நித்யா: இன்னொன்று, பையை ஆன்லைனில் வாங்காதே. கடைக்குப் போய் உள்ளே ஏழெட்டு கிலோ போடச் சொல்லி மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நட. இடுப்புப் பட்டை இடுப்பெலும்பு மேல் உட்கார வேண்டும், கனம் அங்கேதான் இறங்க வேண்டும். தோளில் தொங்கினால் முதல் நாள் மதியத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

மாமா: ஆபீஸ் பேக் எனக்குப் போதாதா?

நித்யா: அதில் இடுப்புப் பட்டையே கிடையாது மாமா. வாங்கவும் வேண்டாம், மணாலியில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கைத்தடி, டவுன் ஜாக்கெட் என்கிற இறகு அடைத்த குளிர் ஜாக்கெட், பான்சோ என்கிற மழைப் போர்வை எல்லாமே அங்கே வாடகைக்குக் கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை போடப்போகிற ஜாக்கெட்டுக்கு எதற்கு ஆயிரக்கணக்கில் செலவு?

செல்வி சித்தி: ஜூன் மாசத்தில் டவுன் ஜாக்கெட்டா? வெயில் காலம்தானே நித்யா

நித்யா: சித்தி, தொட்டபெட்டா 2,637 மீட்டர். நாம் கடக்கப்போகிற கணவாய் சுமார் 4,270 மீட்டர். ஜூன் கடைசியில் அங்கே பனி மேல்தான் நடப்போம். ஆனால் கீழே ஜோப்ராவில் கிளம்பும்போது வியர்த்துக் கொட்டும், வழியில் கூடாரம் போடுகிற பாலு கா கேராவில் சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போன பத்தாவது நிமிடம் பல் கிட்டும். அதனால் தடியாக ஒரே ஸ்வெட்டர் உதவாது. வியர்வையை வெளியே விடுகிற முழுக்கை டீஷர்ட், மேலே ஃபிளீஸ் என்கிற மெல்லிய கம்பளி மாதிரிச் சட்டை, அதற்கு மேல் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கு ஒன்று. நடக்கும்போது கழற்றிக்கொண்டே போகலாம், நின்றால் போட்டுக்கொள்ளலாம். ராத்திரிக்கு மட்டும் தெர்மல், அதாவது உடம்போடு ஒட்டுகிற குளிர் உள்ளாடை, அதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது, நனையவே கூடாது.

நித்யா: எல்லாரும் கேளுங்கள், பருத்தி வேண்டவே வேண்டாம். நம் ஊரில் அதுதான் நல்லது, அங்கே அதுதான் ஆபத்து. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஜீன்ஸும் அப்படித்தான், உள்பனியனும் அப்படித்தான்.

மாமா: பனியன் இல்லாமலா!

நித்யா: கடையில் ட்ரை ஃபிட் என்று கேளுங்கள் மாமா, கொடுப்பார்கள்.

கார்த்தி: என் ரன்னிங் ஷூ புதுசு அக்கா. போதும்தானே

நித்யா: போதாது. கணவாயிலிருந்து சியாகோரு பக்கம் இறங்குவது நல்ல செங்குத்து, பனியில் அந்த ஷூ வழுக்கும். கணுக்கால் வரை வருகிற ட்ரெக்கிங் ஷூ வாங்கு, அரை அளவு பெரிதாக, ஏனென்றால் இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்கும். இந்த வாரமே வாங்கி தினமும் காலேஜுக்கு அதையே போட்டுப் போ. வாடகைக்கு எடுக்கவே கூடாத ஒரே பொருள் ஷூதான். கிளம்புவதற்கு முன்னால் எல்லாரும் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

செல்வி சித்தி: வழியில் ஆறு இறங்கிக் கடக்க வேண்டும் என்றாயே, அதையும் ஷூவோடா?

நித்யா: இல்லை சித்தி, ஷூவைக் கழற்றிப் பையில் தொங்கவிட்டுவிட்டு, பின்பட்டை வைத்த சாண்டலோடு இறங்க வேண்டும். ஹவாய் செருப்பு கொண்டுவராதீர்கள், தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். அது உருகிய பனி, வெயில் ஏற ஏற தண்ணீரும் ஏறும், அதனால்தான் காலையில் சீக்கிரம் கடக்கச் சொல்வார்கள். அன்றைக்கு டீக்காக உட்கார்ந்து நேரம் ஆக்க வேண்டாம்.

செல்வி சித்தி: அந்த வாரம்தான் எனக்குத் தேதி வரும் போலிருக்கிறது. இங்கேயே கேட்டுவிடுகிறேன், என்ன செய்வது

நித்யா: நன்றாகக் கேட்டீர்கள். தாராளமாக நடக்கலாம். நாப்கின் கணக்குக்கு மேல் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள், பயன்படுத்தியதைப் பேப்பரில் சுற்றி ஜிப் பையில் போட்டு மணாலிக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். அங்கே புதைக்கவோ எரிக்கவோ கூடாது, கீழே ஊர்க்காரர்கள் குடிக்கிற தண்ணீர் அந்த மலையிலிருந்துதான் வருகிறது. பிஸ்கட் கவரும் அதே மாதிரிதான் கார்த்தி.

மாமா: நான் பிபி மாத்திரை சாப்பிடுகிறேனே, பிரச்சினை வருமா?

நித்யா: மாமா, இதை மட்டும் நானோ கூகிளோ சொல்லக் கூடாது. உங்கள் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் மணாலியில் எங்களுக்காக இருங்கள், நாங்கள் சந்தோஷமாக வந்து சேர்ந்துகொள்கிறோம். உயரத்தில் வருகிற நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையும் அப்படித்தான், டாக்டர் சொன்னவர் மட்டும் போட வேண்டும், பக்கத்துக் கூடாரத்தில் வாங்கிப் போடக் கூடாது. மேலே தலைவலி, வாந்தி வந்தால் யாரும் மறைக்காதீர்கள். கூடிக்கொண்டே போனால் இறங்குவதுதான் மருந்து. நான் கூடவே இறங்குவேன்.

கார்த்தி: தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டிக்கெட் எப்போது போட வேண்டும்

நித்யா: 60 நாள் முன்னால்தான் திறக்கும், திறந்த காலையிலேயே போட்டுவிடு. சென்ட்ரலில் ராத்திரி ஏறினால் மூன்றாம் நாள் காலை டெல்லி, அங்கிருந்து மணாலிக்கு ராத்திரி பஸ். மணாலியில் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருக்கிறோம், உடம்பு பழக வேண்டும். விமானத்தில் வருகிற மாமா, பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட விட மாட்டார்கள்.

செல்வி சித்தி: பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் செய்து எடுத்துவருகிறேன். தினமும் ரொட்டி யாரால் தின்ன முடியும்

மாமா: 👏👏 எலுமிச்சை ஊறுகாயும்

நித்யா: எடுத்துவாருங்கள் சித்தி, ஆனால் பாட்டிலில் வேண்டாம், உடையும், கனமும் கூட. கடலை மிட்டாயும் வேண்டும், கணவாய் நாளில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே நடக்கலாம்.

நித்யா: கூலிங் கிளாஸை யாரும் மறக்க வேண்டாம், பனியில் வெயில் பட்டுக் கண் பழுத்துவிடும். யூவி தடுக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பைக்குள்ளே பெரிய குப்பைக் கவர் ஒன்றை விரித்து அதற்குள் துணியை அடுக்குங்கள், வெளியே மாட்டுகிற ரெயின் கவரை நம்பாதீர்கள். ஹெட் டார்ச் ஆளுக்கு ஒன்று.

கார்த்தி: சரி அக்கா பை நாளைக்குக் கடையில் போய்ப் பார்க்கிறேன்

நித்யா: ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பரங்கிமலைப் படிக்கட்டு அடியில் எல்லாரும் இருங்கள். பையில் நாலு பெரிய தண்ணீர் பாட்டில் போட்டுக்கொண்டு ஏறி இறங்குவோம். மாமா டாக்டரைப் பார்த்துவிட்டு அடுத்த வாரத்திலிருந்து வந்தால் போதும்.

மாமா: சனிக்கிழமையே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன். டாக்டர் சரி என்றால் நானும் ஞாயிறே வருகிறேன்.