பாக்ஸ்-என் வேகனின் பக்கச் சுவர் ஒட்டிய நான்காம் நாள் உள்ளே வளைகிறது: உதவி தேவை

கரிவண்டி:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக பாக்ஸ்-என் என்ற திறந்த நிலக்கரி வேகனின் மாதிரியை 1:87 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். கடையில் வாங்கிய உதிரித் தொகுப்பு எதுவும் இல்லை; போகியும் (சக்கரத் தொகுதி) கப்ளரும் (வேகன்களை இணைக்கும் கொக்கி) தவிர எல்லாமே பிளாஸ்டிக் தாளிலிருந்து வெட்டியவை. பத்து வேகன் திட்டம். நான்கு முடிந்தன. நான்கும் கோணல்.

வெட்டுவதற்குக் கத்தி பிடிப்பதில்லை. வாழ்த்து அட்டை செய்ய என் மனைவி வாங்கிய வெட்டும் இயந்திரத்தை அவர் அனுமதியோடு எடுத்துக்கொண்டேன் (அனுமதி என்பது என் தரப்பு வாதம்). 0.25 மி.மீ. தாளை அது மூன்று நான்கு ஓட்டத்தில் முழுவதும் வெட்டிவிடும். 0.5 மி.மீ. தாளில் ஆழமாகக் கோடு மட்டும் கிழிக்கும். பிறகு நான் மடக்கி ஒடித்துக்கொள்வேன்.

சிக்கல் ஒன்று: பக்கச் சுவர்களை நானே வரைந்தேன். அசல் வேகனின் உடல் 9,784 மி.மீ. நீளம், 87ஆல் வகுத்தால் 112.5. அதில் பிசகில்லை. அடிச்சட்டத்தின் வரைபடத்தை மட்டும் ஒரு நண்பர் கொடுத்தார். அதை இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் திறந்து வெட்டினால் 105.4 மி.மீ. தான் வருகிறது. அவரிடம் அதே கோப்பு சரியாக வெட்டியதாம்.

சிக்கல் இரண்டுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. சுவர் என்பது உள்ளே 0.5 தாள், அதன் வெளிப்பக்கம் முழுவதும் 0.25 தாள், அதற்கு மேல் செங்குத்துத் தாங்கிகள். ஒட்டிய அன்று கண்ணாடி போல நேராக இருக்கிறது. நான்காம் நாள் பார்த்தால் மூலையில் உள் அகலம் 33.9, நடுவில் 32.3. வேகன் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கிறது. நான்கிலும் இதே கதை.

வெர்னியர்:

முதல் சிக்கலுக்குக் கணக்கே பதில் சொல்கிறது. 105.4ஐ 112.5ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.937. 90ஐ 96ஆல் வகுத்தாலும் அதேதான் வரும். இங்க்ஸ்கேப் 0.92 பதிப்புக்கு முன்பு ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்று வைத்திருந்தது, 0.92இல் அது 96 ஆனது. உங்கள் நண்பரின் கோப்பு பழைய பதிப்பில் வரைந்ததாக இருக்கும். திறக்கும்போது அளவை மாற்றட்டுமா என்று ஒரு கேள்வி வந்திருக்குமே?

கரிவண்டி:

வந்தது. படிக்காமல் புறக்கணி என்று அழுத்திவிட்டேன். இப்போது மாற்றச் சொன்னேன்: 112.5. ஒரு வாரம் நண்பரைச் சந்தேகப்பட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அகலப்பாதை:

நீளத்தில் அரை மில்லிமீட்டர் பார்க்கிறீர்கள், தண்டவாளத்தில் பார்க்கவில்லையே? நம் அகலப்பாதை 1,676 மி.மீ. 87ஆல் வகுத்தால் 19.26. நீங்கள் ஓட்டுவது 16.5 மி.மீ. பாதையில்தானே?

கரிவண்டி:

ஆமாம் சார், 16.5தான். அந்த வழக்கை இன்னொரு நாள் விசாரிப்போம்.

ஜோலார்பேட்டை:

எனக்கு வெயில் மீதுதான் சந்தேகம். மாடி அறையில் வைத்து வேலை செய்கிறீர்களா? மே மாதம் தாள் இளகி வளைந்திருக்கும்.

உப்புத்தாள்:

வெயில் இல்லை. பாலிஸ்டைரீன் இளகச் சுமார் 100 பாகை சூடு வேண்டும். நம் ஊர் மாடி அறை கொதித்தாலும் அந்த அளவுக்குப் போகாது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் கறுப்பு வண்ணம் பூசிய மாதிரியை வைத்தால் அது வேறு விஷயம்.

தம்பி கரிவண்டி, நான்கு கேள்வி. தாள் எங்கே வாங்கியது, மட்டமாக வந்ததா, சுருட்டி வந்ததா? ஒட்டுவதற்கு எது? அதை எப்படி வைக்கிறீர்கள்? ஒட்டுவதற்கு முன் வெட்டிய துண்டை உப்புத்தாளில் தேய்க்கிறீர்களா?

கரிவண்டி:

அண்ணா, தாள் விளம்பரப் பலகை செய்யும் கடையில் வாங்கியது. ஹிப்ஸ் (ஒரு வகைப் பாலிஸ்டைரீன்) என்று சொல்லிக் கொடுத்தார்கள். 0.5 மட்டமாக வந்தது. 0.25ஐச் சுருட்டிக் கொடுத்தார்கள். ஒட்டுவது மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பான், பாரிமுனையில் வாங்கினேன். இரண்டு தாளுக்கும் நடுவே அகலத் தூரிகையால் தாராளமாக ஓட விட்டு, மேலே புத்தகம் அடுக்கி இரவு முழுவதும் விட்டுவிடுவேன். தேய்ப்பதில்லை. இயந்திரம் சுத்தமாகத்தானே வெட்டுகிறது?

உப்புத்தாள்:

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வினை இருக்கிறது.

இப்போது வெட்டிய ஒரு துண்டை எடுத்து, பிளேடு இறங்கிய பக்கத்தின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மெல்லிய கரை ஒன்று தட்டுப்படும். பிளேடு பிளாஸ்டிக்கைச் சீவி எடுப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளுகிறது. வயலில் ஏர் போன தடத்தின் ஓரத்தில் மண் எழும்புமே, அது போல. அந்தக் கரை உட்புறமாக இருக்கும்படி தாளை வைத்து ஒட்டினால், நான்கு விளிம்பும் தூக்கி நிற்க நடுவில் ஒரு பள்ளம் உண்டாகும். அந்தப் பள்ளத்தில் நீங்கள் தாராளமாகக் கரைப்பானை நிரப்புகிறீர்கள். மேலே புத்தகம் வேறு. அது எந்த வழியாக வெளியே போகும்?

போக வழி இல்லாததால் தாளுக்குள்ளேயே ஊறுகிறது. 0.25 தாள் மெல்லியது. பாதிக் கனம் வரை இளகிவிடும். 0.5க்கு அந்த அளவு பாதிப்பில்லை. பிறகு நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும்போது இளகிய தாள் சுருங்கும். சுருங்குவது வெளித்தாள் என்பதால் அது சுவரின் இரு முனைகளையும் வெளிப்பக்கம் இழுக்கும். முனைகளோ மூலையில் ஒட்டிக் கிடக்கின்றன. ஆகவே நடு உள்ளே போகிறது. நான்காம் நாள் தெரிந்தது என்கிறீர்கள். இன்னும் இரண்டு வாரம் விட்டால் இன்னும் போகும்.

சுருட்டி வந்த தாளும் ஒரு கை கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். வாயால் சொல்வதைவிட வெட்டிப் பார்ப்பது மேல். 112க்கு 22 என்ற அளவில் நான்கு சோதனைத் துண்டு செய்யுங்கள்.

அ: இப்போது செய்வது போலவே.

ஆ: அதே இரண்டு அடுக்கு; ஆனால் கரையைத் தேய்த்துவிட்டு, மெல்லிய தூரிகையால் விளிம்பில் மட்டும் இரண்டு விரற்கடைக்கு ஒரு தொடுகை. புத்தகம் வேண்டாம்.

இ: 0.25, 0.5, 0.25 என மூன்று அடுக்கு. இரண்டு பக்கமும் ஒரே நாளில், அதே சிக்கனத்தோடு ஒட்டவும். இரு வெளித்தாள்களின் சுருளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்படி வைக்கவும்.

ஈ: 0.25 தாள் மட்டும். எதையும் ஒட்ட வேண்டாம்.

எல்லாவற்றையும் கண்ணாடி மேல் வைத்துவிட்டு ஒன்பது நாள் தொடாதீர்கள். சன்னல் திறந்திருக்கட்டும், அந்த ஆவி நல்லதல்ல.

பல்சக்கரம்:

நடுவில் நுழைகிறேன். மூன்று நான்கு ஓட்டம் என்றால் பசை விரிப்பில் தாள் நகராமல் இருக்க வேண்டும். நான் நான்கு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறேன். முதல் ஓட்டத்துக்கு மிகக் குறைந்த அழுத்தம், கோடு விழுந்தால் போதும். அடுத்தடுத்த ஓட்டத்தில் கூட்டுகிறேன். வேகம் எப்போதும் 1. முதல் ஓட்டத்திலேயே அழுத்தினால் கரை பெரிதாக எழும்பும், அண்ணா சொன்ன தொல்லையும் கூடவே வரும்.

கரிவண்டி:

நன்றி அக்கா. தாங்கியின் அடியில் வரும் முக்கோணத் துண்டுகள் மூலை மழுங்கி வருகின்றன. அதற்கும் அழுத்தம்தான் காரணமா?

பல்சக்கரம்:

இல்லை. பிளேடின் முனை அச்சுக்கு நேர் கீழே இல்லை, கொஞ்சம் பின்தங்கி இழுபட்டு வரும். நாற்காலியின் சுழல் சக்கரம் திரும்பும் விதத்தைப் பாருங்கள், அதேதான். மூலையில் திரும்பும்போது சிறு வளைவு போட்டுத்தான் திரும்பும். ஆகவே முக்கோணத்தை ஒரே மூடிய கோடாக வரையாதீர்கள். மூன்று தனிக் கோடுகளாக, முனையைத் தாண்டி அரை மில்லிமீட்டர் நீட்டி வரையுங்கள். ஒரே திசைக் கோடுகள் எல்லாவற்றையும் முதலில் வெட்டிவிட்டு அடுத்த திசைக்குப் போகச் சொல்லுங்கள். மூலை கூராக வரும்.

கரிவண்டி (ஒன்பது நாள் கழித்து):

அண்ணா, முடிவு இதோ. கண்ணாடிக்கும் துண்டின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன்.

அ: 1.8 மி.மீ. அப்பளம் போல நிற்கிறது. ஆ: 0.5. இ: அடியில் ஒரு காகிதம்கூட நுழையவில்லை. ஈ: ஒட்டாமலே 3 மி.மீ. சுருண்டு கிடக்கிறது! நான் இத்தனை நாளும் உருளையின் உட்பக்கத்தை வெளியே பார்க்கும்படிதான் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம்தான் வழவழப்பாக இருந்தது. சுருளும் சுருக்கமும் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன.

நீங்கள் சொன்ன விளிம்புக் கரையும் தட்டுப்பட்டது. நகம் வைத்ததும் தெரிந்தது. மூன்று மாதமாகக் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டு கேள்வி. மூன்று அடுக்கு போட்டால் சுவர் 1 மி.மீ. கனம் ஆகிவிடுமே? ஏற்கெனவே கட்டிய நான்கையும் குப்பையில் போடுவதா?

உப்புத்தாள்:

கனம் ஒரு பொருட்டல்ல. அசலில் தாங்கியோடு சேர்த்து வெளி அகலம் 3,200, உள் அகலம் 2,950. வித்தியாசத்தில் பாதி 125 மி.மீ.; நம் அளவில் 1.4. ஆக உள் அகலத்தை 33.9இல் நிறுத்திக்கொண்டு தாங்கியின் கனத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பில் ஒரு பட்டை ஓடுகிறது, அடுக்குகளின் கோடு அதன் கீழே மறைந்துவிடும்.

மூடிய வேகன் என்றால் உள்தாளில் சல்லடையாகத் துளை போடச் சொல்வேன், ஆவி போக. இது திறந்த வேகன், உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கரி நிரம்பிய வேகனாக ஓட்டப்போகிறீர்கள் என்றால் கரியின் மட்டத்துக்குக் கீழே தாராளமாகத் துளை போடலாம்.

பழைய நான்கையும் காப்பாற்றலாம். உள் உயரம் 22.4 வருகிறது. 33.9 அகலம், 15 உயரத்தில் மூன்று குறுக்குத் தடுப்பு வெட்டுங்கள். நடுவில் ஒன்று, கால் தூரங்களில் ஒவ்வொன்று. முதலில் நடுத்தடுப்பை மேலிருந்து மெல்ல இறக்குங்கள், சுவர் தானாக விலகும். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு சொட்டு. அவசரம் வேண்டாம், சுருங்கிய தாள் இறுகி நிற்கும், அடித்து இறக்கினால் மூலை பிளக்கும்.

தடுப்புகளுக்கு நடுவே எடையும் வைக்கலாம். அமெரிக்காவின் நேஷனல் மாடல் ரெயில்ரோடு அசோசியேஷன் பரிந்துரைக்கும் கணக்கு: ஓர் அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். உங்கள் வேகனுக்குச் சுமார் 90 கிராம். இரும்பு நட்டுகளை எபாக்சியில் பதியுங்கள். ஈயக் குண்டை வெள்ளைப் பசையில் போட்டு அடைக்கவே அடைக்காதீர்கள். ஆண்டுகள் போக ஈயம் பொங்கி வேகனை உள்ளிருந்தே பிளந்துவிடும். என்னிடம் அப்படிப் பிளந்த வேகன் இரண்டு இருக்கின்றன.

ஜோலார்பேட்டை:

வெயில் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பத்தில் ஏன் நிறுத்துகிறீர்கள்? அசலில் 58 வேகன் ஒரு தொடராக ஓடுமே.

கரிவண்டி:

கப்ளரோடு ஒரு வேகன் 123 மி.மீ. 58 என்றால் ஏழு மீட்டரைத் தாண்டும் சார். என் வீட்டுக் கூடமே நான்கரை மீட்டர்.

கரிவண்டி (மேலும் பதினோரு நாள் கழித்து):

பழையவற்றில் மூன்று தேறிவிட்டன. நான்காவதில் நடுத்தடுப்பைக் கொஞ்சம் வேகமாக அழுத்தினேன். அண்ணா சொன்ன மூலையிலேயே டக்கென்று பிளந்தது. புதிதாக மூன்று அடுக்கில் ஒன்று கட்டினேன்: மூலையில் 33.9, நடுவில் 33.8. வண்ணம் பூசலாமா?

உப்புத்தாள்:

மூடியுள்ள ஒரு டப்பாவில் வேகனை இரவு வைத்துவிட்டு, காலையில் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். கரைப்பான் வாசனை வந்தால் இன்னும் உள்ளே இருக்கிறது, பூசக் கூடாது. உங்கள் மூக்கு பழகிப் போயிருக்கும், வேறு யாரையாவது முகரச் சொல்லுங்கள்.

கரிவண்டி:

மனைவி முகர்ந்தார். இன்னும் வருகிறதாம். வெட்டும் இயந்திரம் எப்போது திரும்பி வரும் என்றும் கேட்டார்.