0.22 ரைபிளில் சப்சானிக் தோட்டா: வேகம் குறைந்தால் குறி கூடுமா?

கேள்வி – திருவொற்றியூர் மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறு மாதங்களாக 0.22 (அங்குலக் குழல் கொண்ட) ரைபிளில் 50 மீட்டர் தொலைவுக்குப் படுத்த நிலையில் சுடப் பயின்று வருகிறேன். சென்ற ஞாயிறு அதிவேகத் தோட்டாவில் பத்து முறை சுட்டேன். துளைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. மூத்தவர் ஒருவர் தம்மிடமிருந்த சப்சானிக் தோட்டாவை, அதாவது ஒலியைவிட மெதுவாகச் செல்லும் வகையை, கொடுத்தார். அதே ரைபிளில் ஏழு துளைகளை ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தால் மறைத்துவிட முடிந்தது. வேகமாகச் செல்லும் ரவையை (தோட்டாவிலிருந்து பறந்து செல்லும் ஈயக் குண்டை) தானே காற்று குறைவாகத் தள்ள வேண்டும்? நம் பக்கம் பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிடுவதால் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் – பெரம்பூர் ரைபிள்காரன்

தம்பி, எல்லோருக்கும் முதலில் வரும் ஐயம்தான் இது. அதிவேகத் தோட்டாவின் ரவை நொடிக்கு ஏறத்தாழ 380 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. ஒலியின் வேகமோ 0 டிகிரியில் 331 மீட்டர், நம் ஊர் 35 டிகிரி வெயிலில் சுமார் 352 மீட்டர். ஆகவே அந்த ரவை இலக்கை நெருங்கும் வழியிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையை ஒட்டிய வேகங்களில் காற்றின் தடை மிகக் கூடுதலாக இருப்பதோடு, ரவையின் நிலையும் குலையக்கூடும். சப்சானிக் வகையான போட்டித் தோட்டா 320 முதல் 330 மீட்டரில் புறப்படுவதால் அந்த எல்லையைத் தாண்ட வேண்டிய தேவையே அதற்கு இல்லை.

பக்கக்காற்று ரவையை எவ்வளவு தள்ளும் என்பது பறக்கும் நேரத்தை மட்டும் பொறுத்ததன்று. காற்றின் தடையே இல்லாவிட்டால் ஆகும் நேரத்தைவிட, தடையால் ரவை எவ்வளவு நேரம் பிந்துகிறது என்பதைப் பொறுத்தது. அதிவேக ரவை கூடுதலாகப் பிந்துகிறது, அதனால் கூடுதலாகவே விலகுகிறது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான் என்பதால் சிறு விலகலும் புள்ளியைப் பறித்துவிடும்.

பதில் – பழைய வண்ணாரப்பேட்டை

ஐயா சொன்னது முற்றிலும் சரி. என் அனுபவத்தில் கண்ட ஒன்றையும் சேர்க்கிறேன். ஒரு மே மாதம் தோட்டாப் பெட்டியை வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரம் வைத்துவிட்டேன். ரவையின் மேல் பூசியிருந்த மெழுகு இளகி விரலில் பிசுபிசுத்தது. வெடிமருந்து சூடேறினால் ரவையின் வேகமும் மாறும் என்பதால், அன்று துளைகள் மேலும் கீழுமாக விழுந்ததில் எனக்கு வியப்பில்லை. அன்றிலிருந்து பெட்டியைத் துணியில் சுற்றி நிழலில்தான் வைக்கிறேன்.

தோட்டா வகையை மாற்றியதும் முதல் இருபது சுடல்களைக் கணக்கில் கொள்ளாதீர்கள். புதிய மெழுகு குழலுக்குள் படிய வேண்டும். ஒரே நிறுவனத்தின் தோட்டாவிலும் லாட் எண் (ஒரே தொகுதியாகத் தயாரானதைக் குறிக்கும் எண்) மாறினால் குறி மாறும், ஆகவே உங்கள் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எப்போதாவது சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் என்ன செய்வது?

பதில் – பெரம்பூர் ரைபிள்காரன்

உடனே நிறுத்துங்கள். ரைபிளை இலக்குத் திசையிலேயே வைத்துக்கொண்டு பயிற்சியாளரை அழையுங்கள். ரவை குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். தோட்டாவை அகற்றி, குழலின் உட்புறம் தடையின்றி இருப்பதைப் பயிற்சியாளர் உறுதிசெய்த பிறகே அடுத்த தோட்டாவைத் தொட வேண்டும்.

வகை மாறியதால் பின் சைட்டையும் (குறிபார்க்கும் பின்புறக் கருவியையும்) திருத்திக்கொள்ளுங்கள்: 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும் ரவை 50 மீட்டருக்குள் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தாழ்கிறது, அதிவேக ரவை அந்த அளவு தாழ்வதில்லை.