பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்த கிரேஹவுண்ட்

பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாயை வீட்டுக்கு எடுத்தால் தினமும் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. மெல்பர்னில் எங்கள் வீட்டில் இருப்பவள் பகலில் பெரும்பாலும் சோபாவில்தான் கிடக்கிறாள். காலையும் மாலையும் ஒரு நடை போதும். பந்தயத்தில் இவை ஓடுவதே அரை நிமிடம்தான். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகும், அத்தோடு சரி.

யோசிக்க வேண்டிய விஷயம் வேறு. இந்த நாய்களில் பல, வீடு என்ற ஒன்றுக்குள் இருந்ததே கிடையாது. கென்னல் என்கிற நாய்க் கொட்டடி, பயிற்சி, டிரெய்லர், பந்தயத் திடல், மறுபடி கென்னல், அவ்வளவுதான் உலகம். இவளுக்குக் கண்ணாடிக் கதவு புதுசு, டைல்ஸ் தரை புதுசு, மிக்ஸி சத்தம் புதுசு. மாடிப்படியின் கீழே நின்று உடம்பெல்லாம் நடுங்கினாள். என் மனைவி பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக எடுத்து அடுத்த படியில் வைத்துப் பழக்கினாள். கால் வழுக்காமல் இருக்க சமையலறை வரை பாய் விரித்தோம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கென்னலில் இவை பெரும்பாலும் தனித்தனியாகத்தான் படுக்கும், தூக்கத்தில் யாரும் தொட்டுப் பழக்கமில்லை. சில சமயம் கண்ணைத் திறந்தபடியே தூங்கும். அப்போது கை வைத்தால் திடுக்கிட்டு உறுமும், கடிக்கவும் கூடும். அது கெட்ட குணம் அல்ல, பயம். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், தலை தூக்கிப் பார்த்த பிறகே பக்கத்தில் போக வேண்டும் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் வீட்டு கிரேஹவுண்டுக்கு வெளியில் வாய்க்கூடு போட வேண்டாம். லீஷ், அதாவது பிடித்து நடத்தும் கயிறு, கட்டாயம். அந்தச் சட்டம் ரொம்பச் சரி என்பேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் கோவில்பட்டிப் பக்கம், கன்னி என்ற வேட்டை நாய் இனத்தோடு வளர்ந்தவர். இவளைப் பார்த்ததுமே, “மாப்ளே, இத அவுத்து மட்டும் விட்றாதீங்க. முயலப் பாத்துட்டா நாம கூப்புடுறது காதுல ஏறாது” என்றார். அப்புறம், இவற்றுக்குத் தலையைவிடக் கழுத்து தடிப்பு. சாதாரண காலர் நழுவிவிடும். இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் காலர் வாங்குங்கள்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஃபுளோரிடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2018 நவம்பரில் 69 சதவீதம் பேர் நாய்ப் பந்தயம் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 2020 டிசம்பர் 31 இரவு பாம் பீச்சில் கடைசிப் பந்தயம் ஓடியது. தத்து கொடுப்பவர்களுக்குக் கை நிறைய வேலை இருந்த அந்த நேரத்தில் வந்த கிரேஹவுண்ட்தான் எங்கள் பையன். இரண்டு காதிலும் பச்சை குத்தியிருக்கும். வலது காதைப் பார்த்தால் பிறந்த மாதமும் வருடமும் தெரிந்துவிடும்.

நான் சேர்க்க விரும்புவது மருத்துவ விஷயம். கிரேஹவுண்டின் ரத்தம் மற்ற நாய்களின் ரத்தத்தைப் போல இருக்காது. சிவப்பணு கூடுதல், ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைவு, தைராய்டு ஹார்மோன் அளவும் இயல்பாகவே குறைவு. எங்கள் பையனின் ரிப்போர்ட்டைப் பார்த்த ஒரு டாக்டர் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். கிரேஹவுண்ட் பார்த்துப் பழகிய இன்னொருவர், இந்த இனத்துக்கு அதுதான் சரியான அளவு என்று சொல்லி நிறுத்தினார். மயக்க மருந்திலும் அப்படித்தான். தயோபென்டால் போன்றவை கொடுத்தால் இவை தெளிய ரொம்ப நேரமாகும். பல் சுத்தம் செய்யப் போனாலும் முன்கூட்டியே கேளுங்கள். பல் சுத்தம் செய்ய நிச்சயம் போக வேண்டிவரும், பந்தய நாய்களின் பற்கள் அவ்வளவு மோசம்.

நொண்டினால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். இந்த இனத்தில் எலும்புப் புற்றுநோய் அதிகம், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். எங்கள் பையன் நொண்டியபோது எங்களுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. எலும்பு நன்றாகத்தான் இருந்தது. பாதத்தில் கால் ஆணி. மனிதர்களுக்கு வருவதுபோலவே இவற்றுக்கும் வரும். இப்போது தார் ரோட்டைத் தவிர்த்துப் புல் தரையில்தான் கூட்டிப்போகிறோம்.