தோமஸ் ஐசக் செய்த வேலையை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

இலங்கையின் வடக்கே கண்டாவளையில் இருந்து:

இந்தப் பக்கத்தில் இடதுசாரித் தலைவர்களைக் கண்டு கதைத்த அனுபவங்களை எல்லோரும் எழுதுகிறீர்கள், நான் சொல்லப் போகிறவரை நேரே கண்டதில்லை, அவர் செய்த வேலையைத்தான் கண்டேன். கேரளத்தின் தோமஸ் ஐசக். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், பொருளாதாரப் பேராசிரியர், 2006 முதல் 2011 வரையும் பிறகு 2016 முதல் 2021 வரையும் நிதியமைச்சர். கலாநிதிப் பட்டத்துக்கு அவர் எடுத்த ஆய்வு கயிற்றுப்பாய் நெய்யும் தொழிலாளரைப் பற்றியது. பிறகு அதே தொழிலாளர்கள் நிறைந்த மாராரிக்குளத்திலும் ஆலப்புழையிலும் நின்றுதான் சட்டசபைக்குப் போனார். யாரைப் பற்றிப் படித்தாரோ அவர்களிடமே வாக்குக் கேட்டுப் போனவர் என்பதாலேயே எனக்கு அவரில் ஒரு மதிப்பு.

எங்கள் மாதர் சங்கத்திலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் இருந்து சிலரை கேரளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆலப்புழைக்குப் பக்கத்தில் பாதிரப்பள்ளி என்ற இடத்தில் மத்தியானச் சாப்பாடு. மக்கள் உணவுசாலை, 2018 மார்ச்சில் தொடங்கியது, ஐசக்கின் முயற்சியில் அந்தக் கட்சியோடு சேர்ந்த நோயாளர் பராமரிப்பு அமைப்பு நடத்துவது. விரும்பிய அளவு சாப்பிடலாம், முடிந்ததைக் கொடுக்கலாம். காசு வாங்க ஆள் இல்லை, ஒரு பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு எதிரே இருந்த ஐயா இரண்டாம் தரமும் சோறு வாங்கி, மீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுப் பெட்டியைப் பார்க்காமலே வெளியே போனார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த பிள்ளை நாலாய் மடித்த நோட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள், அதையும் ஒருவரும் பார்க்கவில்லை.

2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் பாத்திரத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று விளங்கும். பெயர் கூப்பிட்டு, அட்டை காட்டி, குடும்பத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டு வாங்கின சோறு அது. பசி ஆறியது, மனம் ஆறவில்லை. இங்கே எவரும் என்னிடம் நீ யார் என்று கேட்கவில்லை. கூட வந்த அக்கா ஒருவர் சாப்பிடும்போதே அழுதுவிட்டார்.

ஆனால் சாப்பாட்டை விடப் பெரிய விஷயம் 1996 ஓகஸ்ட்டில் தொடங்கிய மக்கள் திட்டம். ஐசக் அப்போது மாநிலத் திட்டக்குழுவில் அதற்குப் பொறுப்பாக இருந்தவர். மாநிலத்தின் திட்டப் பணத்தில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூராட்சிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். என்ன செய்வது என்று முன்கூட்டியே கொழும்பு மாதிரி ஓர் இடத்தில் இருந்து எழுதி அனுப்புகிற கதை இல்லை. ஊர்ச்சபை கூடும், குளம், விவசாயம், பள்ளிக்கூடம், பெண்கள் என்று குழு குழுவாகப் பிரிந்து இருந்து கதைக்கும், பிறகு ஊரின் நிலையை அறிக்கையாக எழுதி அதிலிருந்து திட்டம் போடும். மதிப்பீடு சரியா என்று பார்க்க ஓய்வுபெற்ற பொறியியலாளர்கள் சம்பளம் இல்லாமல் வந்தார்கள். அந்தப் பணத்தில் 10 வீதம் பெண்களுக்கான வேலைக்கு. எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னபோது முதலில் வந்த கேள்வி, "அந்தக் கணக்கை ஊருக்குக் காட்டுவார்களா?" என்பதுதான். காட்டத்தான் வேண்டும். எங்கள் ஒழுங்கைக்குக் கிரவல் போட்டபோது எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

முள்ளியவளையில் இருந்து:

தங்கச்சி நல்லாய் எழுதியிருக்கிறீர்கள். கூட்டுறவில் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். கண்ணூர்ப் பக்கம் 1969இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவைப் பற்றி ஐசக் வேறு இருவரோடு சேர்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார். முதலாளிகள் கம்பனியை மூடிவிட்டுப் போக, வேலை இழந்த தொழிலாளர்கள் தாங்களே நடத்திய நிறுவனம். எங்களுடைய பனை தென்னை வளச் சங்கங்களில் கள்ளு இறக்கிற ஆட்கள் அதை வாசிக்க வேண்டும்.

ஆனால் அவரை அப்படியே தூக்கி வைக்காதீர்கள். நிதியமைச்சராக இருந்தபோது வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே கடன் வாங்கிப் பாலமும் பள்ளிக்கூடமும் கட்டினார், அது பிறகு மாநிலத்தின் தலையில் விழும் என்று அங்கேயே பலர் எதிர்த்தார்கள். 2024இல் பத்தனம்திட்டாவில் மக்களவைக்கு நின்று தோற்றும் போனார். அதோடு, அங்கே பணத்தைக் கொடுக்க ஒரு மாநில அரசு இருந்தது. எங்களுக்கு 2023 மார்ச்சில் இருந்து 2025 மே தேர்தல் வரை உள்ளூராட்சியான பிரதேச சபையில் தெரிவான உறுப்பினரே இருக்கவில்லை, செயலாளர்தான் எல்லாம்.

மாங்குளத்தில் இருந்து:

ஆலப்புழையின் குப்பைக் கதையையும் யாராவது எழுதுங்கள். நகரக் குப்பையைக் கொண்டுபோய் வேறோர் ஊரில் கொட்ட, அந்த ஊர்க்காரர் லொறியை மறித்த பிறகுதான் வீட்டுக்கு வீடு பசளையாக்கும் வேலை வந்தது, எம்.எல்.ஏ.யாக இருந்த ஐசக் அதிலும் முன்னுக்கு நின்றவர். இங்கே காட்டோரம் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், யானை வந்து பொலித்தீனைத் தின்கிறது.

கண்டாவளை:

முள்ளியவளை அண்ணா, அதிகாரம் இல்லை என்பது சரி. ஆனால் சங்கத்தின் சொந்தக் கணக்கை வாசிக்க எந்த மாகாண சபையும் தேவையில்லைதானே? கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற நுண்கடன்காரரிடம் எங்கள் பெண்கள் ஏன் போகிறார்கள்? சங்கத்தில் எவ்வளவு இருக்கிறது, யாருக்குக் கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியாத இடத்தில் கேட்க வெட்கம். இப்போது மாதக் கூட்டத்தில் வரவும் செலவும் பெயரோடு சத்தமாய் வாசிக்கிறோம். முதலில் பொருளாளருக்குக் கோபம், இப்போது அவரே வாசிக்கிறார். அக்கராயன், துணுக்காய்ப் பக்கச் சங்கங்களில் இப்படி யாராவது செய்தால் எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள், கடன் திரும்பி வராத பெயர்களையும் வாசிப்பதா என்பதில் எங்களுக்குள் இன்னும் இழுபறி.