சின்னக் கூட்டுக்கு எந்த மருந்து? 6.35, 7.65, 8 மி.மீ. பழைய தோட்டாக்கள் – அனுபவப் பகிர்வு

முத்தியால்பேட்டை 765

வணக்கம். பிரான்சில் குடியிருந்துகொண்டு அங்கே கிளப்பில் சுடுகிற பாண்டிச்சேரிக்காரர்கள் நிறைய பேர். சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு 7.65 ரூபி பிஸ்டல் மேலும் 8 மி.மீ. 1892 ரிவால்வர் மேலும் தனி மோகம். ஆனால் அதற்கான தோட்டா கடையில் எப்போதும் கிடைக்காது, கிடைத்தாலும் யானை விலை. அதனால் அங்கே உரிமத்தோடு, சுட்டு முடித்த காலிக் கூட்டில் புதுக் கேப் (தீ பற்ற வைக்கும் மூடி), மருந்து (வெடிப்பொடி), ரவை (குழலிலிருந்து பாயும் குண்டு) வைத்துக் கையாலேயே நிரப்புகிறார்கள். வக்கான்சில் (விடுமுறையில்) ஊருக்கு வரும்போது சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான்: எந்த மருந்து? அவரவர் பார்த்ததை இங்கே எழுதுங்கள்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, இது பிரான்சில் நடக்கிற வேலை. இந்தியாவில் காலிக் கூட்டில் மருந்து போட்டு ரவையை அமுக்கினால் அது 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுப்படி ‘தயாரிப்பு’. கையில் இருக்கும் உரிமம் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான், தோட்டா செய்வதற்கு அல்ல. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தபட்சமே 7 ஆண்டு. மருந்து, கேப் எதையும் விமானத்தில் கொண்டுவரும் நினைப்பே வேண்டாம். இரண்டு, எந்தத் தோட்டாவுக்கு எத்தனை கிரெயின் (எடை அலகு) மருந்து என்று இங்கே யாரும் எழுத வேண்டாம். அந்த எண்ணை மருந்துக் கம்பெனியின் நடப்பு அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். மருந்தைத் தேர்ந்தெடுக்கும் அறிவு மட்டும் இங்கே.

பழைய ரூபி

நல்ல திரி. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

7.65 பிரௌனிங் தோட்டாவில் ரவை 71 கிரெயின். உள்ளே போகும் மருந்து ஏறக்குறைய இரண்டு கிரெயின்தான். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், ஆக மொத்த மருந்தே ஒரு சிட்டிகை உப்பு. 9 மி.மீ. தோட்டாவில் 0.1 கிரெயின் கூடினால் இரண்டு சதவீதம், யாரும் கவனிக்க மாட்டார்கள். 7.65-இல் அதே 0.1 ஐந்து சதவீதம். 6.35-இல் பத்து சதவீதத்தை நெருங்கும். பெரிய தோட்டாவில் பழகியவர்கள் சின்னக் கூட்டுக்கு வந்து மாட்டிக்கொள்வது இங்கேதான். அவர்கள் முதலில் கேட்பது ‘எது வேகம் தரும்’. கேட்க வேண்டியது ‘எது ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் விழும், தப்பினால் எது கண்ணுக்குத் தெரியும்’.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். உருண்டை மருந்து அளவுக்கருவியில் (கைப்பிடியை ஒரு தடவை வீசினால் ஒரு அளவு மருந்தை விடும் கருவி) தண்ணீர் மாதிரி இறங்கும், எடை மாறாது. ஆனால் கனம் அதிகம், இடம் கொஞ்சம். ஒரே கூட்டில் இரண்டு தடவை விழுந்தாலும் வாய்க்குள் அடங்கிவிடும், மேலே ரவையை வைத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. செதில் மருந்து பொதபொதவென்று கூட்டை நிறைக்கும். இரண்டு தடவை போட்டால் வழியும், இல்லை ரவை உட்கார மறுக்கும். ஆனால் பெரிய செதிலாக இருந்தால் அளவுக்கருவியின் சின்னத் துளையில் பாலம் கட்டி நின்றுவிடும். ஒரு கூட்டில் குறைவாக விழும், மிச்சம் அடுத்த கூட்டில் சேர்ந்து விழும். முதலாவது குழலில் ரவையைச் சிக்க வைக்கும், இரண்டாவது அதன் முதுகில் இடிக்கும்.

என் தீர்ப்பு: 6.35-க்கு நன்றாக இறங்கும் பொடி மருந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை பார்க்க வேண்டும். 32 லாங், 8 மி.மீ. மாதிரி ரிவால்வர் தோட்டாக்களின் நீளக் கூட்டுக்கு இடத்தை அடைக்கும் மருந்து. 7.65 நடுவில் நிற்கிறது; அங்கே மருந்தின் பெயரைவிட உங்கள் அளவுக்கருவியோடு அது ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம்.

சோதிக்கும் விதம்: கருவியைப் பொருத்தியதும் முதல் சில வீச்சுகளை டப்பாவிலேயே திருப்பிக் கொட்டுங்கள், மருந்து இறுகி நிலைக்கு வரும். பிறகு 10 வீச்சு ஒரே தட்டில் போட்டு மொத்த எடையைப் பத்தால் வகுங்கள். சராசரி கிடைத்தது. அதோடு நிறுத்தக் கூடாது. சராசரி பொய் சொல்லும். இன்னும் 20 வீச்சைத் தனித்தனியாக நிறுங்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் நடுவே 0.2 கிரெயின் வந்தால் அந்த மருந்து அந்தக் கருவிக்கு ஆகாது. விலை குறைந்த மின்தராசு 0.1 காட்டும், அதிலேயே 0.1 முன்பின் தப்பும். இந்த வேலைக்கு அது வெறும் பொம்மை. சோதனை எடைக்கல் வைத்து ஒவ்வொரு உட்காரலிலும் சரிபாருங்கள். விசிறி, ஹீட்டர் காற்று இரண்டும் தராசுக்கு எதிரி.

வில்லியனூர் லியோன்

முசியே ரூபி சொன்னதோடு எரியும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சின்னத் தோட்டாவுக்கு ஏன் வேகமாக எரியும் மருந்து என்று கேட்டால் பதில் எளிது. ரவை லேசு, குழல் குட்டை. 6.35 பிரௌனிங்கில் குழல் ஐந்தரை சென்டிமீட்டர்கூட வராது. மெதுவான மருந்து சூடு பிடித்து அழுத்தம் ஏறுவதற்குள் ரவை வாசலைத் தாண்டிவிடும். அடையாளங்கள்: கூட்டின் வெளிப்பக்கம் கரி படியும், குழலில் எரியாத செதில் கிடக்கும், ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்பின் ஓடும் பகுதி) பாதி தூரம் போய்த் திரும்பி, வெளியேற வேண்டிய கூட்டைப் புகைபோக்கி மாதிரி நிறுத்திக் கடித்துக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று மாற்றப் போகிறவர்கள் நிறைய. முதலில் மருந்தைப் பாருங்கள்.

வேகமானவற்றில் வழக்கமாகப் பேசப்படுகிறவை: வெக்டான் பா10, விஹ்தாவுவோரி என்310, அமெரிக்க புல்ஸ்ஐ (1898 முதல் இருக்கிறது), வின்செஸ்டர் 231. ஹாட்ஜ்டன் எச்பி-38 என்பதும் 231 என்பதும் ஒரே மருந்து, டப்பாதான் வேறு. ஆனால் அந்தத் தைரியத்தில் வெக்டானின் பா9-க்கு உள்ள கணக்கை பா10-க்குப் போடாதீர்கள். எண் பக்கத்தில் இருப்பதால் மருந்தும் பக்கம் என்று அர்த்தமில்லை.

வேகமான மருந்தின் மறுபக்கம்: சின்னக் கூட்டுக்குள் அதன் அழுத்தம் செங்குத்தாக ஏறும். எடை சரியாக இருந்தும் ரவை அரை மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டால் போதும், உள்ளிடம் சுருங்கி அழுத்தம் எகிறும். மேகசினிலிருந்து ஏறும்போது ரவை சரிவில் மோதி உள்ளே தள்ளப்படுவது 7.65-இல் சாதாரணம். ஆகவே நிரப்பி முடித்ததும் ஒரு தோட்டாவைக் காலிப்பரில் அளந்துகொண்டு, ரவை முனையை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, மறுபடி அளங்கள். குறைந்தால் கூட்டின் பிடி போதவில்லை. கூட்டின் வாயை இன்னும் கசக்கினால் (ரவையைச் சுற்றி உள்பக்கம் நெரித்தால்) சரியாகும் என்று நினைப்பது தப்பு. அதிகமாகக் கசக்கினால் ரவை மெலியும், பித்தளை மட்டும் பின்னால் விரியும், பிடி இன்னும் தளரும். ரவை வைக்கும் முன் கூட்டின் வாயை விரிக்கும் முளையின் அளவைக் குறையுங்கள். 7.65-க்குச் சாய்வான மெல்லிய கசக்கல் போதும். வாய் விட்டம் சுமார் 8.5 மி.மீ., மொத்த நீளம் 25 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது.

ரொம்பக் குட்டையாகவும் வைக்காதீர்கள். இந்தக் கூட்டுக்குப் பாதி விளிம்பு உண்டு, அடிப்பக்கம் கொஞ்சம் மட்டும் வெளியே நீளும். தோட்டா குட்டையானால் மேகசினுக்குள் முன்பின் ஆடும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் தட்டினாலும் வராது, மேகசினைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

ரூபிக்கு மட்டும் ஒன்று: முதல் உலகப் போரின்போது பிரெஞ்சுப் படைக்காக ஸ்பெயினில் எய்பார் வட்டாரத்துப் பட்டறைகள் பலவற்றில் செய்தது. இரும்பின் தரம் பட்டறைக்குப் பட்டறை மாறும், ஒன்றின் மேகசின் இன்னொன்றில் ஏறாது. அட்டவணையின் மேல் எல்லை வரை அதில் போகக் கூடாது. ஸ்லைடு ஒழுங்காகப் போய் வருகிற குறைந்த அளவில் நின்றுவிடுங்கள்.

லாஸ்பேட்டை பொடியன்

அண்ணே, 7.65-ஐயும் அங்குலக் கணக்கில் 32 (0.32 அங்குலம்) என்கிறார்களே, 32 என்றாலே எல்லாம் ஒன்றுதானே? 7.65 தோட்டா 32 ரிவால்வர் உருளையில் அழகாக உட்காருதாமே?

கடலூர் முதுநகர் 32

உட்காரும் தம்பி, அதுதான் ஆபத்து. 7.65-இன் பாதி விளிம்பு உருளையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். ஆனால் அமெரிக்கத் தர அளவில் 7.65-க்கு உச்ச அழுத்தம் 20,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங்குக்கு 15,000. பழைய ரிவால்வரின் உருளைக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் சுமை. 1935 மாடல் பிரெஞ்சு பிஸ்டலின் 7.65 லோங் வேறு. கூடு 20 மி.மீ. நீளம், பிரௌனிங்கின் கூடு 17. பெட்டியில் ‘7.65’ என்று மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

நம் பக்கம் கான்பூர் 32 ரிவால்வருக்குக் கடைத் தோட்டாதான், நிரப்பும் பேச்சே இல்லை. ஆனாலும் மேலே எழுதியதில் பாதி நமக்கும் பொருந்தும். கடலூர்க் காற்றில் உப்பு. பெட்டியைத் திறந்து வைத்த தோட்டாவில் கேப்பைச் சுற்றிப் பச்சை பூக்கும். தோல் பெல்ட்டில் செருகி வைத்தால் தோல் பதனிடும் அமிலமும் சேர்ந்து பித்தளையைத் தின்னும். எண்ணெய்த் துணியால் தோட்டாவைத் துடைக்கிறவர்கள் உண்டு. எண்ணெய் கேப் ஓரமாக இறங்கி உள்ளே இருக்கும் மருந்தைச் செத்ததாக்கிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, கம்பெனிப் பெட்டியோடேயே மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் வைக்க வேண்டும். ஓட்டு வீட்டுப் பரண், தகரக் கூரை அறை இரண்டும் வேண்டாம். சித்திரை வெயிலில் அங்கே மருந்து கெடும்.

சுடும்போது ‘டப்’ என்பதற்குப் பதிலாக ‘பொத்’ என்று கேட்டால், அல்லது கை உதறவில்லை என்றால், அடுத்த தோட்டாவை இழுக்கக் கூடாது. மருந்து நனைந்தோ குறைந்தோ போய் ரவை குழலிலேயே நிற்கலாம். உருளையைக் காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் பித்தளைக் கம்பியால் வாய்ப்பக்கமிருந்து தட்டிப் பின்னுக்குத் தள்ளலாம், அதையும் ஆயுதப் பழுது பார்ப்பவர் செய்வதே நல்லது. சத்தமே வரவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே 30 வினாடி பிடித்திருங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டா உண்டு.

பழைய ரூபி

8 மி.மீ. 1892 ரிவால்வரை இன்னும் யாரும் தொடவில்லை. அதன் முதல் தோட்டா கருமருந்துக்கானது (புகை கக்கும் பழைய வெடிமருந்து). பழைய குறிப்பில் கூட்டை நிரப்பு என்று இருப்பதைப் பார்த்துப் புகையில்லா மருந்தை அதே அளவு நிரப்பினால் உருளை பிளந்துவிடும். புகையில்லா மருந்து அதில் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும், மேலே காலி. குழலைக் கீழே சாய்த்துத் தூக்கினால் மருந்து ரவைப் பக்கம், மேலே சாய்த்துத் தூக்கினால் கேப் பக்கம். இரண்டிலும் வேகம் ஒன்றாக இருக்காது.

ஆகவே வேகமானியை வைத்து ஐந்து தோட்டா குழலை மேலே காட்டிவிட்டு மெல்ல இறக்கிச் சுடுங்கள், ஐந்து தோட்டா கீழே காட்டிவிட்டு ஏற்றிச் சுடுங்கள். இரண்டு சராசரிக்கும் பெரிய இடைவெளி இருந்தால் மருந்தை மாற்றுங்கள். ட்ரெயில் பாஸ் மாதிரி வளைய வடிவ மருந்து இடத்தை அடைப்பதால் இங்கே நன்றாகப் பொருந்தும், ஆனால் அதை ரவையால் அமுக்கி நெரிக்கக் கூடாது. நெரித்தால் அழுத்தம் ஏறும். பஞ்சு வைத்து அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அட்டவணையில் சொல்லாத பஞ்சு வேண்டாம்.

கூட்டுக்கு 32-20 வின்செஸ்டர் கூட்டை வெட்டி, விளிம்பை மெலித்துச் செய்வது வழக்கம். ரவைதான் தொல்லை. இந்தக் குழலின் உள்ளளவு 8.3 மி.மீ. பக்கம் இருக்கும், 32 ரவை 7.9. அதைப் போட்டால் வரிப்பள்ளத்தைப் பிடிக்காமல் ரவை குறுக்காகப் போய் அட்டையில் சாவித்துளை மாதிரி ஓட்டை விழும். வாயு பக்கவாட்டில் கசிவதால் அழுத்தமும் ஏறாது, நல்ல மருந்துகூடப் பாதி எரிந்து கரியாக வெளியேறும். மருந்தைக் குறை சொல்லும் முன் மெத்தென்ற ஈயத் துண்டைக் குழலில் தள்ளி எடுத்து அளந்துவிடுங்கள்.

வில்லியனூர் லியோன்

கடைசியாக மேசை ஒழுங்கு. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா. காலிக் கூடுகளைத் தாங்கியில் தலைகீழாக நிறுத்தி, மருந்து போட்டதை மட்டும் நிமிர்த்தி வையுங்கள். 50-ம் முடிந்ததும் விளக்கைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள்; மட்டம் ஏறியதும் இறங்கியதும் தனியாகத் தெரியும். சந்தேகம் வந்ததை நிறுத்துப் பார்க்காமல் கொட்டிவிட்டு மறுபடி போடுவது சீக்கிரம். அதற்குப் பிறகுதான் ரவை.

வேலை முடிந்தால் அளவுக்கருவியில் மிச்சம் இருப்பதை அன்றே அதே டப்பாவில் திருப்பிவிடுங்கள். இராத்திரி முழுக்க விட்டால் சில மருந்து பிளாஸ்டிக்கை அரித்து மங்கச் செய்யும், காலையில் அது எந்த மருந்து என்றும் நினைவிருக்காது. பெயர் தெரியாத மருந்து தோட்டத்து மண்ணுக்குத்தான். பழைய டப்பாவைத் திறந்ததும் புளித்த அமில வாடையோ செம்பழுப்புப் புகையோ வந்தால் அதுவும் கெட்டது, அறைக்குள் வைத்திருக்கக் கூடாது.

லாஸ்பேட்டை பொடியன்

மேர்சி அண்ணே. சித்தப்பா துலூஸில் 6.35-க்கு டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கியிருக்கிறார், 0.1 காட்டுவது. திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

பழைய ரூபி

திருப்ப வேண்டாம் தம்பி, கூடுகளை ரகம் பிரிக்க உதவும். மருந்துக்குக் கைத்தராசு, இல்லையென்றால் 0.02 காட்டும் மின்தராசு.