ஸ்மார்ட் பிளக்குக்குத் தமிழ்: 'திறன்செருகி' சரிப்படுமா?

சென்னையிலிருந்து:

வணக்கம் நண்பர்களே,

வீட்டுத் தானியக்கச் செயலியைத் தமிழாக்கும் வேலையில் 'ஸ்மார்ட் பிளக்' (சுவருக்கும் சாமானுக்கும் இடையில் மாட்டி, போனிலிருந்து போட்டு அணைக்கும் பிளக்) திரைக்குத் திரை வந்து நிற்கிறது. அதற்குத் தமிழ் கேட்டு இந்தக் குழுவில் எழுதியிருந்தேன். இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் 'திறன்செருகி' என்கிறீர்கள். திறன்பேசி நாளிதழ் வரை போய்விட்டது, திறன்மிகு வகுப்பறை பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டது, அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிடலாமே என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு உடன்பாடில்லை.

மின்சாரத்தில் திறன் என்றால் வாட். பள்ளிக்கூட இயற்பியல் பாடநூலில் மின்திறன் என்று படித்தது அதுதான். பேசியில் இந்தச் சிக்கல் எழவில்லை. திறன்பேசி என்று சொன்னால் யாருக்கும் வாட் நினைவுக்கு வராது. இதுவோ மின்சாரச் சாமான். இதில் பலவற்றுக்கு வாட் அளந்து காட்டுவதே பாதி வேலை. செயலியில் இப்போது ஒரு வரி இப்படி வந்து நிற்கிறது: 'திறன்செருகியின் திறன்: 1240 வாட்'. படிக்கிறவர் என்ன நினைப்பார்?

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. நம் வீடுகளில் 15 ஆம்ப் பாயிண்ட்டைத்தான் 'பவர் பிளக்' என்கிறோம். அதைத் தமிழில் எழுதச் சொன்னால் பாடநூல் படித்த பிள்ளை 'திறன்செருகி' என்றுதான் எழுதும். சரி, 6 ஆம்ப் ஸ்மார்ட் பிளக் டப்பாவில் அந்தப் பெயரை அச்சிட்டால்? 'பவர் பிளக்தானே' என்று ஒருவர் கீசரை மாட்டுவார். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்ப் இழுக்கும். 6 ஆம்ப் சாமான் தாங்குவது 1380 வாட் வரைதான். கலைச்சொல்லால் பிளக் கருகியது என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

மற்ற யோசனைகளையும் பார்த்துவிடுகிறேன். 'நுண்ணறிவுச் செருகி' என்றால் அதற்குள் அறிவு இருக்க வேண்டும். உள்ளே இருப்பது ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), அதை இயக்கும் சின்னச் சில்லு, பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் தெரிந்த ஒரு ரேடியோ, சற்று விலை கூடியதில் மின்னோட்டம் அளக்க இன்னொரு சில்லு. போனில் தொட்டதும் 'டிக்' என்று கேட்பது ரிலேயின் தொடுமுனை ஒட்டுகிற சத்தம். மாலை 6 மணிக்குக் கொசு மருந்து மெஷினைப் போடு, 10 மணிக்கு அணை என்றால் செய்யும். வீட்டில் ஆளே இல்லாவிட்டாலும் அதே 6 மணிக்குப் போடும். இதற்கு நுண்ணறிவு என்பது ரொம்ப அதிகம்.

'சூட்டிகைச் செருகி' அழகான சொல். சூட்டிகையான பிள்ளை என்கிறோமே, அந்தச் சூட்டிகை. ஆனால் பிளக் விஷயத்தில் 'சூடு' என்ற ஒலியே காதில் விழக்கூடாது என்பது என் கட்சி. ஸ்மார்ட் சிட்டி சீர்மிகு நகரம் ஆனதை வைத்து 'சீர்மிகு செருகி' என்று ஒருவர் எழுதியிருந்தார். கிண்டலுக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன்.

என் முன்மொழிவு: ஆளிச்செருகி. சுவிட்சுக்கு 'ஆளி' என்ற சொல் ஈழத்துப் பாடநூல்களில் நெடுநாளாகப் புழங்குகிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் மின்சுற்றுப் படத்துக்குக் கீழே 'சாவி' என்று போட்டிருப்பார்கள்; அதைவிட ஆளி எவ்வளவோ மேல். ஸ்மார்ட் என்ற பட்டத்தைக் கழற்றிவிட்டால் மிஞ்சும் பொருள் இதுதான்: செருகக்கூடிய ஒரு சுவிட்ச்.

'செருகி' என்பதும் பாதிதான் சரி என்று யாராவது சொல்வீர்கள். பின்பக்கம் முள், முன்பக்கம் துளை. செருகியும் அதுவே, செருகப்படும் இடமும் அதுவே. ஆனால் நாம் 'பிளக்கில் மாட்டு' என்றால் சுவர், 'பிளக்கைப் பிடுங்கு' என்றால் ஒயர் நுனி. வீட்டில் யாருக்கும் இதுவரை குழப்பம் வந்ததில்லை. அதை விட்டுவிடலாம்.

---

மதுரையிலிருந்து:

> செருகியும் அதுவே, செருகப்படும் இடமும் அதுவே

அப்படியென்றால் 'இடைச்செருகி' என்று வைத்தால் என்ன என்று நானே முதலில் நினைத்தேன். சுவருக்கும் சாமானுக்கும் இடையில் செருகுவது. ஆனால் முப்பது வருடம் தமிழ் நடத்தியவன் காதில் அது 'இடைச்செருகல்' என்றுதான் விழுகிறது. பழைய பாட்டில் பின்னால் வந்தவர் நுழைத்த வரி. சுவடி பார்க்கிறவர்கள் இடைச்செருகலைக் கண்டால் பிடுங்கி எறியத்தான் பார்ப்பார்கள்.

'ஏவுசெருகி' என்று இன்னொரு தம்பி எழுதியிருந்தார். ஏவியதைச் செய்வது, பொருள் பொருத்தம்தான். ஒரு பக்கம் ஏவுகணை, இன்னொரு பக்கம் பில்லி சூனியம் ஏவல். நடுராத்திரியில் தானாக டிவி ஓடினால் பாட்டி இரண்டாவதைத்தான் நம்புவாள். ஆளிக்கு என் ஓட்டு.

---

கோவையிலிருந்து:

ஐயா, வயரிங் வேலை பார்க்கிறவன் பேசுகிறேன். கடையில் நாங்கள் 'பிளக்' என்று கேட்பதே இல்லை. ஒயர் நுனியில் வருவது 'டாப்', த்ரீ பின் டாப். சுவரில் இருப்பது 'பாயிண்ட்'. அஞ்சு ஆம்ப் பாயிண்ட், பதினஞ்சு ஆம்ப் பாயிண்ட். பிளக்குகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1293-ல் அது 6, 16 என்று இருந்தாலும் வாயில் வருவது அஞ்சும் பதினஞ்சும்தான். நீங்கள் எந்தப் பெயர் வைத்தாலும் கஸ்டமர் ஸ்மார்ட் பிளக் என்றுதான் கேட்பார். அது போகட்டும்.

பெயருக்குப் பக்கத்தில் ஆம்ப் எண்ணைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். 16 ஆம்ப் டாப்பின் முள் தடிமன், 6 ஆம்ப் பாயிண்ட்டில் நுழையாது. அது நம்மைக் காப்பாற்றத்தான் அப்படி. ஆனால் கன்வெர்ட்டர் என்று ஒன்று விற்கிறார்களே, பெரிய டாப்பைச் சின்னப் பாயிண்ட்டில் மாட்ட. அதைப் போட்டு 6 ஆம்ப் ஸ்மார்ட் பிளக்கில் அயர்ன் பாக்ஸ், இன்டக்ஷன் அடுப்பு என்று ஓட்டுகிறார்கள். பிறகு என்னைக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகி உப்பியிருக்கும், முள்ளில் கறுப்புப் படிந்திருக்கும், கழற்றினால் உள்ளே ரிலேயின் இரண்டு முனையும் பற்றவைத்ததுபோல ஒட்டிப்போயிருக்கும். அந்த நிலையில் போனில் 'அணைந்துவிட்டது' என்று காட்டும், சாமான் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலேவுக்குச் சில்லு என்ன சொன்னது என்றுதான் செயலிக்குத் தெரியும், முனை நிஜமாகப் பிரிந்ததா என்று தெரியாது. வாட் அளக்கிற வகை என்றால் அந்த எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

மோட்டாருக்கும் இதை மாட்டாதீர்கள். ஒரு எச்.பி. என்றால் 746 வாட்தானே என்பார்கள். கிளம்பும் நேரத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். கான்டாக்டர் (பெரிய லோடு தாங்கும் ரிலே மாதிரி) ஒன்றைப் போட்டு, ஸ்மார்ட் பிளக் அந்தக் கான்டாக்டரை இழுக்கும் காயிலை மட்டும் இயக்கட்டும். ஃப்ரிட்ஜுக்கு இது தேவையே இல்லை. அணைத்த கையோடு போட்டால் கம்ப்ரஸருக்குக் கேடு.

அப்புறம் ஒரு சந்தேகம். சுவிட்ச் வைத்த சாதா மல்டி பிளக்கும் ஆளிச்செருகிதானே? அதை எப்படிப் பிரிப்பீர்கள்?

---

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட சொல்லை எடுத்ததற்கு நன்றி. ஒன்றைக் கவனியுங்கள்: இலங்கைப் பாடநூலில் வாட்டால் அளப்பது 'வலு'. எனவே 'திறன்செருகி' எங்களுக்குக் குழப்பம் தராது, உங்களுக்கு மட்டும்தான் தரும். என்றாலும் செயலி ஒன்றே, இரு கரையும் பாவிக்கும். ஒரு கரையில் பிழைபடும் சொல்லை விடுவது நல்லது. ஆளி இரண்டு பக்கமும் ஒரே பொருளைத்தான் தரும்.

கோவை அண்ணா கேட்ட அம்பியர் விடயம் இங்கே கொஞ்சம் வேறு. இப்போது நியமம் சதுர முள் 13 அம்பியர், செருகிக்குள்ளேயே உருகி (ஃபியூஸ்) இருக்கும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் வீடுகளிலும் அதே சதுர முள்தான். பழைய வீடுகளில் உருண்டை முள் இன்னும் இருக்கிறது. ஆகவே 6, 16 என்று சொல்லுக்குள்ளேயே பதித்துவிடாதீர்கள். எண்ணைத் தனியாக வையுங்கள், நாட்டுக்கு ஏற்ப மாறட்டும்.

---

திருச்சியிலிருந்து:

பெயர் முடிவாகும் முன்பே நான் இதை ஸ்கூட்டர் சார்ஜுக்குப் பயன்படுத்துகிறேன். இதற்கும் சில சொற்கள் வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

மின்சார ஸ்கூட்டரின் சார்ஜரை மாட்டியதும் வாட் எண் ஓர் இடத்துக்கு ஏறி, மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். பேட்டரி நிறைய நிறைய எண் மெல்ல இறங்கும். கடைசியில் சில வாட்டில் வந்து நின்றுவிடும். லித்தியம் பேட்டரி எதுவும் இப்படித்தான்: முதலில் ஒரே அளவு மின்னோட்டம், பிறகு ஒரே அளவு மின்னழுத்தம். அதனால் கடிகாரம் வைத்து அணைப்பதைவிட, வாட் ஓர் எல்லைக்குக் கீழே வந்து சில நிமிடம் அப்படியே இருந்தால் அணை என்று விதி எழுதுவது மேல். அந்தச் 'சில நிமிடம்' முக்கியம். அது இல்லாவிட்டால், எண் ஒரு கணம் தடுமாறினாலும் பாதியில் நின்றுவிடும். எல்லையை ரொம்ப மேலே வைத்தாலும் தப்பு. நிறைவு நேரத்தில்தான் பேட்டரிக்குள் செல்களைச் சமன்படுத்தும் வேலை நடக்கும், அதற்கு முன்பே பிடுங்கிவிடுவோம்.

போனை 80 சதவீதத்தில் நிறுத்த இதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஹோம் அசிஸ்டென்ட் மாதிரி ஒரு வீட்டுத் தானியக்க மென்பொருளை வைத்து, போனின் பேட்டரி சதவீதத்தைப் படித்து, எட்டியதும் பிளக்கை அணைக்கலாம். முழு சார்ஜிலும் சூட்டிலும் கிடந்தால் லித்தியம் சீக்கிரம் மூப்படையும் என்பதால் பயனுள்ள வேலைதான். ஆனால் இப்போது பல போன்களில் 80-ல் நிறுத்தும் வசதி உள்ளேயே வந்துவிட்டது. அதற்காக மட்டும் ஒருவர் பிளக் வாங்கினால் காசுக்குக் கேடு என்பேன்.

வேண்டிய சொற்கள்: சார்ஜ் ஆவது, அந்த வாட் எல்லை, கரண்ட் போய் வந்தால் பிளக் எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்ற அமைப்பு. கடைசியானது நம் ஊருக்கு ரொம்ப அவசியம். அயர்ன் பாக்ஸ் போட்டிருக்கும்போது கரண்ட் போகிறது, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறோம், கரண்ட் வருகிறது. பிளக் 'எப்போதும் இயக்கு' என்று இருந்தால் என்ன ஆகும்?

இன்னொன்று. வைஃபை ரவுட்டரையே இதில் மாட்டி, போனிலிருந்து அணைத்துவிட்டு, மறுபடி போட வழியில்லாமல் விழிப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

---

சென்னையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. ரவுட்டர் ஆசாமிகளுக்கு மதுரை ஐயாதான் பெயர் வைக்க வேண்டும்.

> சுவிட்ச் வைத்த சாதா மல்டி பிளக்கும் ஆளிச்செருகிதானே?

ஆமாம் அண்ணா, அதுவும் ஆளிச்செருகிதான். அதனால் அகராதிப் பதிவில் முழு வடிவம் தொலை ஆளிச்செருகி என்று இருக்கட்டும். தொலைபேசி, தொலைக்காட்சியில் வரும் அதே தொலை. 'இணைய ஆளிச்செருகி' என்று வைத்தால் ஜிக்பீ, புளூடூத் என்று வேறு கம்பியில்லா முறைகளில் பேசும் வகைகள் வெளியே நின்றுவிடும். பலவற்றில் நேர அட்டவணை இணையம் இல்லாமலேயே ஓடும். செயலித் திரையில் சாதா மல்டி பிளக் வர வழியே இல்லை, ஆகவே அங்கே 'ஆளிச்செருகி' என்று சுருக்கமாக விடலாம்.

இரண்டு சொல்லாகப் பிரித்தே எழுதுங்கள். 'தொலையாளி' என்று சேர்த்தால் தொலைந்துபோன ஆள் மாதிரி இருக்கிறது.

அம்பியரைப் பற்றி யாழ்ப்பாணத்து அக்கா சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். எண் பெயருக்குள் வராது. ஆனால் கருவியைச் சேர்க்கும் திரையில் பெயருக்கு நேர் கீழே, அதே எழுத்தளவில் 'தாங்கும் அளவு: 6 ஆம்பியர் / 1380 வாட்' என்ற வரி வரும். 16 என்றால் 3680 வாட். வாட்டும் சேர்ந்து வருவது நல்லது, கீசரின் மேல் வாட்தான் எழுதியிருக்கும். 'திறன்' என்ற சொல்லை அளவுக்கும் பயன்படுத்தாமல் நேரே 'வாட்' என்றே எழுதிவிட்டால் திறனா வலுவா என்ற பஞ்சாயத்தும் இல்லை.

திருச்சி நண்பருக்கு: சார்ஜ் ஆவது 'மின்னேற்றம்', சார்ஜர் 'மின்னேற்றி'. இவை முன்பே புழக்கத்தில் உள்ளவை. வாட் எல்லைக்கு 'வாட் வரம்பு' போதும், அலங்காரம் வேண்டாம். கரண்ட் வந்தபின் நிலை என்பதற்குச் சிலர் தனிமடலில் 'மின்மீட்பு நிலை' என்று எழுதினார்கள். அமைப்புத் திரையில் அதைப் படித்தால் யாருக்கும் விளங்காது. முழு வாக்கியமாகவே வைக்கிறேன்: 'மின்சாரம் போய் வந்தால்'. அதன் கீழே மூன்று தெரிவுகள்: அணைந்தே இரு, இயங்கு, முன்பு இருந்தபடி இரு. முன்னிருப்பாக முதலாவது.

பதிவு இப்படிப் போகும்:

தொலை ஆளிச்செருகி (சுருக்கம்: ஆளிச்செருகி) – சுவர்ப் பாயிண்ட்டுக்கும் மின்கருவிக்கும் இடையில் மாட்டப்பட்டு, செயலி வழியாகவோ நேர அட்டவணைப்படியோ மின்னோட்டத்தை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் கருவி. சில வகைகள் மின் பயன்பாட்டையும் அளக்கும். பேச்சு வழக்கு: ஸ்மார்ட் பிளக். 'திறன்செருகி' என்று தேடுகிறவர்களும் இங்கே வந்து சேர வழிகாட்டு இணைப்பு உண்டு.

ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று செயலியில் ஏற்றுகிறேன். கோவை அண்ணா, 'கான்டாக்டர்', 'ரிலே' இரண்டுக்கும் உங்கள் ஆட்கள் வாயில் என்ன வருகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவைதான்.